கல்விச் சமத்துவமின்மையும் கொள்கைச் சீர்திருத்தமும்: வேலூர் வட்டாரத்தில் ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டு, ‘கல்வியில் சமத்துவமின்மை’ என்ற தலைப்போடு நெறியாளரின் முன் வந்து அமரும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். அவர்களுள் பலர் அந்த ஏற்றத்தாழ்வைத் தம் வீட்டிலும் தெருவிலும் கண்டு வளர்ந்தவர்கள். தலைப்பைத் தேர்ந்ததற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. ஆனால் ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று மீண்டும் ஒருமுறை நிறுவிக் காட்டும் ஆய்வேட்டால் அந்தத் தெருவுக்குப் பயன் எதுவும் இல்லை. எந்த விதியை, எந்த அரசாணையின் எந்த வரியை மாற்றினால் எந்தக் குழந்தையின் நிலை எவ்வளவு மாறும் என்று சொல்லும் ஆய்வே நம்மிடம் குறைவாக இருக்கிறது. சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலோ, அதன் இணைப்புக் கல்லூரிகளிலோ, பழைய வட ஆர்க்காட்டின் வேறு நிறுவனங்களிலோ இத்தகைய ஆய்வைப் புதிதாகத் தொடங்குவோருக்காக, செய்ய வேண்டியவற்றை அவை வரும் வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு இந்தத் துறையில் ஒரு முன்னோடி உண்டு. 1910இல் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேசையா, யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றித் திரும்பியபின், 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். சென்னைக்குச் செல்லும்போது அடையாற்றில் உள்ள அந்த நிறுவனத்தின் நூலகத்துக்கு ஒரு நாளையாவது ஒதுக்குங்கள்.

முதற்படி: யாருடைய இடைவெளி, எந்தக் கட்டத்தில்?

‘சமத்துவமின்மை’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டு அளக்க முடியாது. குழந்தை பள்ளியில் சேர்வது, சேர்ந்தபின் ஒழுங்காக வருவது, வந்து கற்பது, கற்று அடுத்த கட்டத்துக்குச் செல்வது என்று குறைந்தது நான்கு கட்டங்கள் உள்ளன. ஒரு கட்டத்தில் குறைந்த இடைவெளி அடுத்த கட்டத்தில் அப்படியே இருக்கலாம், கூடியும் இருக்கலாம். தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளிச் சேர்க்கை ஏறத்தாழ முழுமை பெற்றுவிட்டது. உயர்கல்விச் சேர்க்கை விகிதமும் 2021-22ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியா முழுமைக்கும் 28.4% ஆக இருக்கும்போது தமிழ்நாட்டில் 47% ஆக இருந்தது. எனவே இங்கு சேர்க்கையை மட்டும் அளக்கும் ஆய்வு, பெரும்பாலும் ஏற்கெனவே வென்ற போரின் வரலாறாக முடிந்துவிடும். வருகை, கற்றல், மேல்நிலைக்கும் கல்லூரிக்கும் செல்லுதல் ஆகியவற்றில்தான் இன்றைய இடைவெளி இருக்கிறது.

அடுத்து, சராசரிக்குள் யார் மறைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டது. பழங்குடியினரிடையே அது 54 விழுக்காட்டளவில்தான் இருந்தது. அன்றைய ஒருங்கிணைந்த வேலூர் மாவட்டத்தின் 39 லட்சம் மக்களில் பழங்குடியினர் 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகிய மலை ஊராட்சிகளில் உள்ள குழந்தைகள் அனைவரும் பள்ளியை விட்டு நின்றாலும் மாவட்டச் சராசரி பெரிதாக அசையாது. மாவட்ட அளவிலான எண்ணைக் கொண்டு மலைப்பகுதியைப் பற்றி எதையும் சொல்லாதீர்கள் என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மலைவாழ் மலையாளி இனக் குழந்தைகளைத் தவிர, குடியாத்தம், பேரணாம்பட்டு பகுதிகளில் பீடி சுற்றும் குடும்பங்கள், நெசவுக் குடும்பங்கள், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய தோல் தொழில் ஊர்களின் தொழிலாளர் குடும்பங்கள், உருது வழியிலும் ஆந்திர எல்லையை ஒட்டித் தெலுங்கு வழியிலும் படிப்போர், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் படிப்போர் என இந்த வட்டாரத்தில் ஆராய வேண்டிய குழுக்கள் பல உள்ளன. இவற்றுள் ஒரு குழுவையும், மேலே சொன்ன கட்டங்களுள் ஒன்றையும் எடுத்துக்கொண்டால் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதும்.

இரண்டாம் படி: அரசாணையை வரி வரியாகப் படித்தல்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இது. திட்டத்தின் பெயரையும் தொடக்க விழாவின் நாளையும் செய்தித்தாளிலிருந்து எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்விடுகிறார்கள். கொள்கை என்பது நடைமுறையில் அரசாணை (நிலை), அதைத் தொடர்ந்து ‘செயல்முறைகள்’ என்ற பெயரில் இயக்குநர் வெளியிடும் ஆணைகள், அதன்மேல் முதன்மைக் கல்வி அலுவலர் அனுப்பும் கடிதம், கடைசியாகத் தலைமையாசிரியர் மேசைக்கு வரும் சுற்றறிக்கை என்ற ஒரு சங்கிலி. ஒவ்வொன்றின் எண்ணையும் ந.க. எண்ணையும் (அலுவலகக் கோப்பு எண்) நாளையும் ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதுங்கள். அரசாணையில் இருந்த ஒரு சொல் சுற்றறிக்கையில் விடுபட்டிருப்பதையோ, அரசாணையில் இல்லாத ஒரு நிபந்தனை நடுவில் எங்கோ சேர்ந்திருப்பதையோ இந்த வரிசைதான் காட்டிக்கொடுக்கும்.

அரசாணையைப் படிக்கும்போது யாருக்கு, யாருக்கு இல்லை, யார் நடைமுறைப்படுத்துகிறார், எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து பணம் வருகிறது என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வேலூருக்கு மிகவும் பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 வழங்குகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தை உயர்கல்வி உதவியாக மாற்றியமைத்ததால் வந்தது இது; கொள்கைச் சீர்திருத்தம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. ஆனால் ‘அரசுப் பள்ளி’ என்ற அந்த வரியைக் கவனியுங்கள். கிறித்தவத் திருச்சபைகளும் இசுலாமிய அறக்கட்டளைகளும் பல தலைமுறைகளுக்கு முன் தொடங்கிய அரசு உதவி பெறும் பள்ளிகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவற்றில் படிக்கும் பிள்ளைகளுள் பலர், பக்கத்து அரசுப் பள்ளியில் படிப்பவர்களின் அதே தெருவைச் சேர்ந்தவர்கள். பல வேளைகளில் ஒரே வீட்டின் அக்காவும் தங்கையும். 2024 டிசம்பர் இறுதியில்தான் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. காலை உணவுத் திட்டமும் இதே வழியில்தான் வந்தது: 2022 செப்டம்பரில் தேர்ந்தெடுத்த 1,545 பள்ளிகள், 2023 ஆகஸ்டில் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள், 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் பள்ளிகள், அதன்பின் நகரங்கள். 2020இல் மருத்துவப் படிப்புக்கும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்த 7.5% உள் இடஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கே உரியது.

இவை மூன்றும் நல்ல நடவடிக்கைகள் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் ஒரு நல்ல நடவடிக்கையின் எல்லைக்கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது, அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கும் ஏழைக் குழந்தை யார் என்று கேட்பது ஆய்வாளரின் கடமை. விரிவாக்கத்துக்குப் பிறகும் கேள்விகள் மிஞ்சுகின்றன. தமிழ் வழி என்ற நிபந்தனையில், பேரணாம்பட்டிலோ மேல்விஷாரத்திலோ உருது வழியில் படித்து முடித்த மாணவி எங்கே நிற்கிறார்? எட்டாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலும் அதன்பின் உதவி பெறும் பள்ளியிலும் படித்தவரை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இவற்றுக்கு விடை அரசாணையின் வாசகத்திலும் அதைச் செயல்படுத்தும் அலுவலகத்தின் பழக்கத்திலும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இதேபோல, இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி (2009) தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்படும் 25% இடங்களை ஆராய விரும்புவோர், 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஆனதை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகள் மிகுந்த ஊர்களில் ஒதுக்கீட்டு இடங்களே குறைவாக இருக்கும். அதை விண்ணப்பிக்கும் பெற்றோரின் ஆர்வக்குறைவு என்று எழுதிவிட்டால் ஆய்வு முழுவதும் பிழையாகிவிடும்.

அரசாணைகள் தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் கிடைக்கும். ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்புகளையும் சேர்த்துப் படியுங்கள். பள்ளிக் கல்விக்கு மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்குச் சட்டமன்றத்திடம் நிதி கேட்பது) எண் 43, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துக்கு எண் 4. அணைக்கட்டு மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் சமவெளியின் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இரண்டாவது துறையின் கீழ் வருபவை என்பதை அறியாமல், பள்ளிக் கல்வித் துறையின் ஆவணங்களை மட்டும் பார்த்து எழுதப்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. கிடைக்காத செயல்முறைகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். எனவே கேட்க வேண்டியதை ஆய்வின் முதல் ஆண்டிலேயே கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாம் படி: தரவைத் திரட்டுமுன் தரவின் எல்லையை அறிதல்

வட ஆர்க்காட்டைப் பற்றிக் காலவரிசையில் எதை ஒப்பிட்டாலும் மாவட்ட எல்லை மாறியதை மறக்கக்கூடாது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் வேலூர் மூன்றாகி, பழைய 20 ஒன்றியங்களில் வேலூருக்கு 7, இராணிப்பேட்டைக்கு 7, திருப்பத்தூருக்கு 6 என்று வகுக்கப்பட்டன. 2011ஆம் ஆண்டின் ‘வேலூர்’ என்ற எண்ணையும் 2021ஆம் ஆண்டின் ‘வேலூர்’ என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்ச்சி அல்லது வீழ்ச்சி என்று எழுதினால், நீங்கள் ஒப்பிட்டது இரு வேறு நிலப்பரப்புகளை. ஒன்றிய அளவில் தரவை எடுத்து, பழைய எல்லைக்கோ புதிய எல்லைக்கோ நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

பள்ளிகளைப் பற்றிய தரவுக்கு ஒன்றிய அரசின் பள்ளித் தகவல் தொகுப்பான யூடைஸ் பிளஸ் அடிப்படை. ஆனால் 2022-23 முதல் பள்ளிவாரித் தொகைக்குப் பதிலாக மாணவர் ஒவ்வொருவரின் விவரமும் தனித்தனியே பதிவாகும் முறை வந்ததால், அதற்கு முந்தைய ஆண்டுகளோடு நேராக ஒப்பிட முடியாது. எண்ணிக்கை குறைந்திருந்தால் குழந்தைகள் குறைந்தார்களா, இரட்டைப் பதிவு நீங்கியதா என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் மாணவர்வாரி விவரம் இருந்தாலும் அது பொதுவெளிக்கு உரியதல்ல, முறையான அனுமதி வேண்டும். கற்றல் அடைவுக்கு, தொண்டு நிறுவனம் ஒன்று வெளியிடும் ஏசர் அறிக்கையை எடுப்பவர்கள், அது ஊரகங்களில் வீடுவீடாகச் சென்று, மாவட்டத்துக்கு 30 ஊர்கள், ஊருக்கு 20 வீடுகள் என்ற அளவில் எடுக்கப்படுவது என்பதை நினைவில் கொள்ளுங்கள். குடியாத்தம், வாணியம்பாடி போன்ற நகரங்களின் குழந்தைகள் அதில் இல்லை. பள்ளிக்கு வராத குழந்தையும் அதில் இருக்கிறது என்பது அதன் தனிச்சிறப்பு; 2017, 2021 ஆண்டுகளின் தேசிய அடைவு ஆய்வில், அன்று பள்ளிக்கு வந்திருந்த குழந்தைகள் மட்டுமே இருப்பார்கள். குடும்பங்களின் கல்விச் செலவுக்கு 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று உதவும்.

பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அண்மை ஆண்டுகளின் பத்தாம் வகுப்பு முடிவுகளில் வேலூரும் இராணிப்பேட்டையும் மாவட்ட வரிசையின் கடைசிப் பகுதியில் இருந்தது நம் எல்லோருக்கும் வருத்தம் தந்த செய்தி. ஆனால் அந்த விழுக்காட்டின் கீழ் எண் தேர்வெழுதியவர்களின் தொகை. ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றுவிட்டவர், பெயர் பதிந்தும் தேர்வுக்கு வராதவர் ஆகியோர் அதில் இல்லை. படிப்பில் பின்தங்கிய பிள்ளையை விடாமல் தேர்வுக்கூடம்வரை அழைத்துவந்த பள்ளியின் விழுக்காடு, அப்படிச் செய்யாத பள்ளியின் விழுக்காட்டைவிடக் குறைவாகத் தெரியலாம். எட்டாம் வகுப்பில் சேர்ந்த ஓர் அணியை எடுத்துக்கொண்டு, அவர்களுள் எத்தனை பேர் பிளஸ் டூ முடித்தார்கள் என்று பின்தொடர்வதே நேர்மையான அளவுகோல்.

நான்காம் படி: எதோடு ஒப்பிடுவது?

திட்டம் வந்தது, பிறகு சேர்க்கை கூடியது, ஆகவே திட்டத்தால் கூடியது என்று முடித்துவிடுவது இந்தத் துறையில் மிகவும் பரவலான தவறு. திட்டம் இல்லாமலிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு ஒரு நிழல் குழு வேண்டும். பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு மிதிவண்டி தரப்பட்டதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், பீகாரின் மாணவிகளை அங்குள்ள மாணவர்களோடும், அந்த வேறுபாட்டை மிதிவண்டித் திட்டம் இல்லாத ஜார்க்கண்டின் வேறுபாட்டோடும் ஒப்பிட்டார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த மாணவிகளின் எண்ணிக்கை 32% கூடியது என்றும் ஆண்-பெண் இடைவெளி 40% குறைந்தது என்றும் அவர்கள் சொன்னபோது, அதை எளிதில் மறுக்க முடியாமற்போனது இந்த ஒப்பீட்டால்தான்.

தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. கொரோனாக் காலத்துக்குப்பின் ஊரகத் தமிழ்நாட்டின் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் கற்றல் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு, தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்றும் கண்டது. குழந்தைகளை ஏற்கெனவே அளந்து வைத்திருந்த பட்டியல் கையில் இருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. அத்தகைய வாய்ப்பு நமக்கு இல்லாவிட்டாலும், கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் ஒவ்வொரு திட்டமும் ஒரு வாய்ப்புத்தான். மேலே சொன்ன புதுமைப் பெண் எடுத்துக்காட்டில், 2022 முதல் உதவி பெற்ற அரசுப் பள்ளி மாணவிகள், 2024 இறுதிவரை பெறாத உதவி பெறும் பள்ளித் தமிழ் வழி மாணவிகள் என இரு குழுக்கள் தாமாகவே அமைந்திருக்கின்றன. இரு வகைப் பள்ளிகளிலும் 2022க்கு முந்தைய சில ஆண்டுகளின் போக்கு ஒரே திசையில் இருந்ததா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன்பின் வேறுபாடுகளின் வேறுபாட்டை, அதாவது ஒரு குழுவில் வந்த மாற்றத்துக்கும் மற்றொன்றில் வந்த மாற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை, கணக்கிடலாம்.

ஓர் எச்சரிக்கை. காலை உணவின் முதற்கட்டப் பள்ளிகள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. அந்த 1,545இல் 417 மாநகராட்சிப் பள்ளிகள், 163 நகராட்சிப் பள்ளிகள், 728 ஊரகப் பள்ளிகள், 237 மலைப்பகுதிப் பள்ளிகள். தேவை மிகுந்த இடங்களை அரசு முதலில் எடுத்துக்கொண்டது நியாயமே. ஆனால் அவற்றை மற்றப் பள்ளிகளோடு நேராக ஒப்பிட்டு, உணவு பெற்ற பள்ளிகளில் கற்றல் குறைவு என்று எழுதிவிட்டால் திட்டத்தின்மேல் பெரும் பழி விழும். மலைப்பள்ளியை மலைப்பள்ளியோடு ஒப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: அனுமதிகள்

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல் முதலில் வேண்டும். அதன்பின் துறைத்தலைவரின் சான்றுக் கடிதத்துடன் முதன்மைக் கல்வி அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். அவருடைய ஆணையின் நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரையும் தலைமையாசிரியரையும் சந்தியுங்கள். நலத்துறைப் பள்ளிகளுக்கு மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலரிடம் தனியே பெற வேண்டும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, அதைத் தொடர்ந்து பொதுத்தேர்வு என்று பள்ளியின் ஆண்டு நகரும். ஜூன் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் களப்பணிக்கு ஏற்றவை. மழைக்காலத்தில் மலைப்பாதையை நம்பித் திட்டமிடாதீர்கள்.

பெற்றோரின் இசைவைத் தமிழிலோ உருதுவிலோ தெலுங்கிலோ எழுதிப் பெறுங்கள். கையெழுத்திட இயலாதவருக்கு ஒரு சாட்சியின் முன்னிலையில் படித்துக் காட்டுங்கள். பெற்றோர் சம்மதித்தாலும் குழந்தை வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும். ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று குழந்தையிடம் முழு உறுதி கொடுக்காதீர்கள். பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு உங்களுக்கும் உண்டு. குழந்தைத் திருமண ஏற்பாடு தெரியவந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. இதை நெறியாளரோடு முன்கூட்டியே பேசி, என்ன செய்வது என்று எழுதி வைத்துக்கொண்டு களத்துக்குச் செல்லுங்கள்.

ஆறாம் படி: களம்

வினாப்பட்டியலைப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து தயாரித்தபின், அதைச் சில வீடுகளிலாவது சோதித்துப் பார்த்துத் திருத்துங்கள். ஏன் என்பதற்குக் குடியாத்தம் பக்கத்துத் தெரு ஒன்றில் காணக்கூடிய காட்சியைச் சொல்கிறேன். திண்ணையில் தாய் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள். ‘நீ ஏதாவது வேலைக்குப் போகிறாயா?’ என்ற வினாவுக்கு, ‘இல்லைங்க’ என்கிறாள். வினாப்பட்டியலில் ‘இல்லை’ என்று குறியாகிறது. ‘நேற்றுப் பள்ளி விட்டு வந்ததிலிருந்து தூங்கும்வரை என்னென்ன செய்தாய்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

“பையை வெச்சிட்டுத் தண்ணி புடிச்சேன். அப்புறம் அம்மாவுக்கு இலை வெட்டிக் குடுத்தேன்.”

“எவ்வளவு நேரம்?”

“ஏழரை சீரியல் வர்ற வரைக்கும்.”

தாய் தலை நிமிராமலே, “அவ வெட்டிக் குடுத்தாத்தான் நான் ஆயிரம் சுத்த முடியும்” என்கிறார். ஊறவைத்த இலையின் மேல் தகட்டை வைத்து, அதன் விளிம்பு பிசகாமல் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. இந்தச் சிறுமி எந்தப் புள்ளிவிவரத்திலும் தொழிலாளி இல்லை, இடைநின்றவளும் இல்லை, அன்றாடம் பள்ளிக்கு வருகிறாள். ஆனால் இல்லம் தேடிக் கல்வி வகுப்புகள் மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் நடக்கும்படி வகுக்கப்பட்டவை. அவள் இலை வெட்டும் நேரமும் அதுவேதான். திட்டம் அவளுக்கானது, நேரம் அவளுக்கானது அல்ல. மாலை வகுப்பை வேறு நேரத்துக்கு மாற்றுவதா, பள்ளி வேளைக்குள் கொண்டுவருவதா, தாயின் கூலி விகிதத்தை உயர்த்துவதா என்று மூன்று வேறு அலுவலகங்கள் முடிவெடுக்கக்கூடிய மூன்று சீர்திருத்தங்கள் இந்த ஒரே விடையிலிருந்து எழுகின்றன. நேரத்தைக் கேட்கும் வினா ஒன்று உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும்.

மலைப்பள்ளியில் வருகைப் பதிவேட்டை ஆண்டு மொத்தமாகப் பார்க்காமல், மாதம் மாதமாகப் புரட்டுங்கள். அண்ணன், தங்கை இருவர் பெயரிலும் ஒரே நாட்களில் வராமைக் குறி தொடர்ந்து இருந்தால், பெற்றோர் பருவகால வேலைக்குக் குடும்பத்தோடு வெளியூர் சென்றிருக்கலாம் என்ற கேள்வி எழ வேண்டும். அதைப் பள்ளிக் கல்வித் துறையின் டிஎன்எஸ்இடி என்ற கைப்பேசிச் செயலியில் பதிவான வருகையோடு ஒப்பிடுவதும் பயனுள்ளது. ஆசிரியர் மேல் குற்றம் காண்பதற்காக இதைச் செய்யாதீர்கள். இரு பதிவுகளும் வேறுபட்டால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத ஊர் என்பதே காரணமாக இருக்கக்கூடும். இருவர் மட்டும் பணியாற்றும் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் நடத்திக்கொண்டு உங்களுக்கும் நேரம் ஒதுக்கும் ஆசிரியரிடம் நன்றியோடு நடந்துகொள்ளுங்கள்.

அலுவலர்களையும் நேர்காணல் செய்ய வேண்டும். ‘இந்தத் திட்டம் வெற்றியா?’ என்று கேட்டால் ஆம் என்ற விடைதான் வரும். ‘இந்த விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்தபின் எங்கே செல்கிறது, எதனால் திரும்பி வருகிறது?’ என்று கேட்டால், அனுபவம் மிக்க ஒரு எழுத்தர் அரை மணி நேரத்தில் ஓர் இயலுக்கான செய்தியைத் தந்துவிடுவார்.

ஏழாம் படி: இடைவெளியைக் கணக்கிடுதல்

எந்த அளவுகோலால் அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, இடைவெளி குறைந்ததாகவும் கூடியதாகவும் காட்டிவிட முடியும். ஒரு பேச்சுக்கு, ஒரு குழுவில் நூற்றுக்கு 40 பேரும் மற்றொன்றில் 80 பேரும் மேல்நிலையை முடித்தார்கள் என்றும், சீர்திருத்தத்துக்குப்பின் அது 60, 95 என்று ஆனது என்றும் வைத்துக்கொள்வோம். கழித்துப் பார்த்தால் இடைவெளி 40இலிருந்து 35 ஆகக் குறைந்திருக்கிறது. வகுத்துப் பார்த்தால் இரண்டு மடங்கு ஒன்றரை மடங்கை நெருங்கியிருக்கிறது. ஆனால் முடிக்காதவர்களைக் கணக்கிட்டால், முன்பு 60க்கு 20 என்று மூன்று மடங்காக இருந்தது இப்போது 40க்கு 5 என்று எட்டு மடங்கு. மூன்றையும் ஆய்வேட்டில் காட்டுங்கள். சாதகமான ஒன்றை மட்டும் காட்டுவது, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்தாலும், அந்த எட்டு மடங்குக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

சாதி, பாலினம், பயிற்றுமொழி, பள்ளி வகை ஆகியவற்றைத் தனித்தனி அட்டவணைகளாகப் போட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பட்டியலினத்து மாணவி என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் அரசாணையின் வரி யாரை விட்டுவிட்டது என்பது தெரியும். மாதிரியின் அளவை இதற்கேற்பத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். மலைப் பள்ளிகளிலிருந்து அவற்றின் விகிதத்துக்கும் கூடுதலாக எடுத்துக்கொண்டு, பின்னர் அவற்றின் உண்மையான விகிதத்துக்கேற்ப எடையிட்டுச் சரிசெய்யலாம்.

எட்டாம் படி: யாரிடம், எப்போது சொல்வது

ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்கா தளத்தில் ஏறுவதோடு பல்கலைக்கழகத்தின் பணி முடிகிறது. உங்கள் பணி முடிவதில்லை. இரண்டு பக்கத்தில், நல்ல தமிழில், ஒரு குறிப்பு எழுதுங்கள். எந்த அரசாணையின் எந்தப் பத்தியில் எந்தச் சொற்கள் எப்படி மாற வேண்டும், அதனால் பயன்பெறுவோர் ஏறத்தாழ எத்தனை பேர், ஆண்டுச் செலவு எவ்வளவு, அது எந்த மானியக் கோரிக்கையில் வரும் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். செலவைச் சொல்லாத பரிந்துரையை எந்த அலுவலரும் கோப்பாக எழுத முடியாது. ஒன்றிய அரசும் மாநிலமும் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிரும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின்கீழ் வரும் ஒன்றைப் பரிந்துரைப்பதானால், ஒன்றிய நிதி தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். 2024-25இல் தமிழ்நாடு அதை நேரில் அனுபவித்தது.

நிதிநிலை அறிக்கை பொதுவாகப் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வந்தாலும், துறைகள் மதிப்பீடுகளைத் தயாரிப்பது அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே. ஆகஸ்ட், செப்டம்பரில் உங்கள் குறிப்பு துறையிடம் இருந்தால் அதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. மானியக் கோரிக்கை விவாதத்தின்போது கொண்டுசென்றால் அடுத்த ஆண்டுக்குத்தான். மாவட்ட அளவிலேயே தீரக்கூடிய சிக்கலானால் சென்னைவரை போக வேண்டியதில்லை. பேருந்து நேரத்தை மாற்றுவது, சான்றிதழ் வழங்கப் பள்ளியிலேயே முகாம் நடத்துவது போன்றவற்றை மாவட்ட ஆட்சியர் தம் அதிகாரத்திலேயே செய்ய முடியும்.

குறிப்பைத் துறைக்கு அனுப்பும் அதே வாரத்தில், நீங்கள் சென்ற பள்ளிகளின் மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் முடிவுகளைச் சொல்லுங்கள். பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் அந்தக் குழுவுக்குத் தீர்மானம் நிறைவேற்றும் உரிமை உண்டு. அந்தத் தீர்மானத்தின் நகலை உங்கள் குறிப்போடு இணைத்தால் அதற்கு வலு கூடும். எந்தப் பள்ளி, எந்தக் குழந்தை என்று அடையாளம் தெரியும் எதையும் அங்கும் சொல்லக்கூடாது. அனுப்பிய கடிதத்தின் ஒப்புகையைக் கோப்பில் வைத்துக்கொண்டு, ஆறு மாதத்தில் பதில் இல்லாவிட்டால், அதன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். அடுத்து இதே பொருளில் பதிவு செய்யும் மாணவருக்கு அந்த நகல் முதல் ஆவணமாக இருக்கும்.